உள்நுழைவுக் கோளாறுகள்: குக்கியில் தேடுவதா, சேர்வரில் தேடுவதா?

கொழும்பில் சிறு கடைகளுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் இணையத்தளம் அமைத்துப் பராமரிக்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர் சில்லறைக் கடைக்காரர்களிடம் ஆர்டர் எடுக்க ஒரு தளம் வைத்திருப்பார். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு நடத்தும் ஆசிரியர் மாணவர்களின் பெறுபேறுகளை ஒரு தளத்தில் ஏற்றுவார். இரண்டிலும் உள்நுழைவு உண்டு. அது பழுதானால் வரும் தொலைபேசி அழைப்பில் ஒரு வரிக்கு மேல் விவரம் இருக்காது. அந்த ஒரு வரிதான் நமக்குக் கிடைக்கும் அறிகுறி. அதனால் கோட்பாட்டை விட்டுவிட்டு, அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "குக்கி பாதுகாப்பானதா, சேர்வர் செஷன் பாதுகாப்பானதா?" என்று பலரும் கேட்கிறார்கள். குக்கி என்பது தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. சேர்வர் செஷன் என்பது உள்நுழைந்தவரைப் பற்றிச் சேர்வர், அதாவது தளம் இயங்கும் கணினி, தன்னிடம் வைத்திருக்கும் பதிவு. சேர்வர் செஷனும் குக்கியில் ஏறித்தான் வருகிறது. பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவர்தான் அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். ஆகவே குக்கி இரண்டு முறையிலும் இருக்கும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. நூலக வாசலில் பையை ஒப்படைத்தால் ஓர் இலக்க வில்லை தருவார்கள். சேர்வர் செஷன் அப்படிப்பட்டது: பை உள்ளே இருக்கிறது, கையில் இருப்பது வெறும் இலக்கம், வேண்டாதபோது உள்ளே இருப்பவர் அந்த இலக்கத்தைச் செல்லாததாக்கலாம். மற்ற முறையில் பையையே முத்திரையிட்டு ஆளிடம் கொடுத்து அனுப்புகிறோம். உள்நுழைவுக்கு முதலாவது முறைதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது கீழேயுள்ள அறிகுறிகளில் தெரியும்.

உங்கள் தளம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். உள்நுழைந்த பின் எஃப்12 விசையை அழுத்துங்கள். குரோமில் "அப்ளிகேஷன்" பகுதியிலும் பயர்பாக்ஸில் "ஸ்டோரேஜ்" பகுதியிலும் குக்கிகள் வரிசையாகத் தெரியும். முப்பது எழுத்து அளவில் பொருளற்ற ஒரு சரம் இருந்தால் பெரும்பாலும் அது சேர்வர் செஷன். பிஎச்பி நிரல்மொழியில் அதன் பெயர் "பிஎச்பி செஸ் ஐடி" என்றிருக்கும். நீண்ட சரமாக, நடுவே இரண்டு புள்ளிகள் இருந்தால் அது ஜேடபிள்யூடி எனும் கையொப்பமிட்ட டோக்கன் (விவரத்தைச் சுமக்கும் சரம்) அல்லது ஃபிளாஸ்க் தரும் கையொப்பமிட்ட குக்கி. (ஃபிளாஸ்க், லாராவெல், ஜாங்கோ, ரெயில்ஸ், எக்ஸ்பிரஸ் எல்லாம் தளம் கட்ட உதவும் நிரல் தொகுப்புகள்.) விவரம் முழுவதும் பிரவுசரிலேயே இருக்கிறது. லாராவெல் குக்கி நீளமாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அது செஷன் இலக்கத்தையே மறைகுறியாக்கிச் சுற்றித் தருகிறது.

"வெளியேறிவிட்டேன், ஆனாலும் என் பெயர் நிற்கிறது"

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்தால் கொமியூனிகேஷன் கடைகளைக் காணலாம். போட்டோகொப்பி, அச்சு, லமினேஷன், ஓரத்தில் இரண்டு கணினிகள். பரீட்சை அனுமதி அட்டையையோ பெறுபேற்றையோ அச்செடுக்க மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் எழுந்த கதிரையில் அடுத்தவர் உடனே உட்காருவார். உங்கள் தளத்தின் "வெளியேறு" பொத்தான் ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

முறைப்பாடு வந்ததும் பதற வேண்டாம். வெளியேறிய பிறகு "பின்செல்" அம்பை அழுத்தினால் பழைய பக்கம் தெரிவது பல வேளைகளில் பிரவுசர் தன் நினைவில் வைத்திருந்த பிரதிதான். பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். உள்நுழைவுப் பக்கம் வந்தால் செஷன் செத்துவிட்டது என்று பொருள். அப்போதும் அடுத்தவர் பழைய பக்கத்தைப் பார்க்கக்கூடாது அல்லவா? உள்நுழைந்தவருக்கு மட்டும் காட்டும் பக்கங்களுக்கெல்லாம் கேஷ் கன்ட்ரோல் தலைப்பில் "நோ-ஸ்டோர்" (பிரதி சேமிக்காதே) என்று சேருங்கள்.

உண்மையான சோதனை வேறு. உள்நுழைந்திருக்கும்போதே குக்கியின் மதிப்பைப் பிரதியெடுத்து ஓரிடத்தில் ஒட்டி வையுங்கள். தளத்திலிருந்து வெளியேறுங்கள். இப்போது எஃப்12 பகுதியில் அதே பெயரில் குக்கியை உருவாக்கி, பழைய மதிப்பை ஒட்டிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். உங்கள் பெயரோடு முகப்புப் பக்கம் திறந்தால் உங்கள் "வெளியேறு" பொத்தான் பிரவுசரிலிருந்த குக்கியை மட்டும் அழித்திருக்கிறது. சேர்வர் எதையும் மறக்கவில்லை. அந்தச் சரம் யாரிடம் இருந்தாலும் அவர் உள்ளே வரலாம்.

சேர்வர் செஷன் என்றால் மருந்து எளிது. பிஎச்பியில் "செஷன் டிஸ்ட்ராய்", லாராவெலில் செஷனை "இன்வாலிடேட்" செய்வது, ஜாங்கோவில் அதன் "லாக்அவுட்" செயற்பாடு: மூன்றும் சேர்வரில் உள்ள பதிவையே அழிக்கின்றன. கூடவே குக்கியையும் அழியுங்கள். ஆனால் குக்கியை அழிப்பது ஒழுங்குக்காக, பதிவை அழிப்பதே பாதுகாப்புக்காக.

விவரமே குக்கியில் இருக்கும் முறை என்றால் இங்கேதான் முட்டிக்கொள்வீர்கள். ஃபிளாஸ்கின் இயல்பான செஷன், ஜாங்கோவில் கையொப்பக் குக்கியைத் தேர்ந்தெடுத்த அமைப்பு, ரெயில்ஸின் இயல்பான குக்கிச் சேமிப்பு, தனித்து நிற்கும் ஜேடபிள்யூடி எல்லாவற்றுக்கும் இது பொதுவான குறை. கையொப்பம் சரியாக இருந்து காலமும் முடியாமல் இருந்தால் சேர்வர் ஏற்றுக்கொள்ளும். ஒருவர் வெளியேறியது அதற்குத் தெரிய வழியே இல்லை. இதற்குச் சொல்லப்படும் தீர்வுகளில் ஒன்று, டோக்கனின் ஆயுளைப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் குறைத்து, அதைப் புதுப்பிக்கும் இரண்டாவது டோக்கனைச் சேர்வரில் பதிவதாகும். மற்றொன்று, பயனர் அட்டவணையில் ஒரு பதிப்பு எண் வைத்து ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒப்பிடுவது. இரண்டுமே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்கத் தொடங்கிய உடனேயே நாம் சேர்வர் செஷனுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறோம். சில ஆயிரம் பயனர் உள்ள கொழும்புத் தளத்துக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

"கடவுச்சொல்லை மாற்றினேன், அவன் இன்னும் உள்ளே இருக்கிறான்"

நோய் அதுவே, வலி அதிகம். கடவுச்சொல் கேட்கப்படுவது வாசலில் மட்டும். உள்ளே வந்துவிட்டவரைச் செஷன் இலக்கமே காப்பாற்றுகிறது. கடவுச்சொல் மாறும்போது அந்தப் பயனரின் பெயரிலுள்ள மற்ற எல்லாச் செஷன்களையும் அழிக்க வேண்டும். பிஎச்பியின் இயல்பான கோப்புச் செஷனில் யாருடைய செஷன் எது என்று தேடுவது சிரமம். செஷன்களைத் தரவுத்தள அட்டவணையிலோ ரெடிஸ் எனும் வேகச் சேமிப்பிலோ பயனர் எண்ணோடு சேர்த்து வைத்தால் ஒரே கட்டளையில் முடியும். "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற பொத்தானையும் அதே கட்டளையால் கொடுத்துவிடலாம். அந்தப் பொத்தான் இல்லாத தளத்தை நான் முடிந்த தளமாகவே கருதுவதில்லை.

"சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் உள்நுழைவுப் பக்கத்துக்கே திரும்பி வருகிறது"

கடவுச்சொல் தவறு என்ற செய்தி வரவில்லை. பக்கம் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படியென்றால் சேர்வர் ஏற்றுக்கொண்டுவிட்டது, குக்கிதான் தங்கவில்லை அல்லது திரும்பிப் போகவில்லை. எஃப்12இல் "நெட்வர்க்" பகுதியைத் திறந்து உள்நுழைவுக் கோரிக்கையின் பதிலில் "செட்-குக்கி" வரியைத் தேடுங்கள்.

வரியே இல்லையென்றால் சேர்வர் குக்கியை அனுப்பவில்லை. கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சேவைக்குப் பின்னால் இருக்கும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். பயனருக்கும் இடைச் சேவைக்கும் நடுவே மறைகுறியாக்கிய எச்டிடிபிஎஸ் இருக்கிறது; அங்கிருந்து உங்கள் சேர்வருக்கு வெறும் எச்டிடிபி. பாதுகாப்பற்ற இணைப்பு என்று நினைத்துக்கொண்டு, எக்ஸ்பிரஸின் செஷன் தொகுதி "செக்யூர்" (எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் போ) என்று குறியிட்ட குக்கியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அவசரத்தில் "செக்யூர்" குறியை நீக்கிவிடாதீர்கள். எக்ஸ்பிரஸில், இடைச் சேவை சொல்வதை நம்பச் சொல்லும் "டிரஸ்ட் பிராக்ஸி" அமைப்பைப் போடுங்கள். இடைச் சேவையிலிருந்து உங்கள் சேர்வர் வரையும் எச்டிடிபிஎஸ் ஆக்குங்கள்.

வரி இருந்து, பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் பிரவுசர் குக்கியை மறுத்திருக்கிறது. நம் நாட்டு முகவரிகளில் வரும் ஒரு காரணம் இங்கே உண்டு. முகவரியின் கடைசி இரண்டு துண்டுகளை எடுத்துக் குக்கியின் டொமைனாக, அதாவது அது போகக்கூடிய முகவரியாக, போடும் நிரல்கள் பல இருக்கின்றன. சாதாரண ".கொம்" முகவரியில் அது சரியாக வேலை செய்யும். ".கொம்.எல்கே" என்று முடியும் முகவரியில் கடைசி இரண்டு துண்டுகள் "கொம்.எல்கே" ஆகிவிடுகின்றன. அதை ஏற்றால் இலங்கையில் அந்த முடிவுள்ள எல்லா நிறுவனங்களின் தளங்களுக்கும் உங்கள் குக்கி போய்ச் சேரும். அதனால் பொதுப் பின்னொட்டுப் பட்டியலைப் பார்த்துப் பிரவுசர் மறுத்துவிடுகிறது. டொமைன் என்ற பண்பையே போடாமல் விடுங்கள். குக்கியை வழங்கிய முகவரிக்கு மட்டும் அது திரும்பும். முடிந்தால் குக்கியின் பெயரை இரட்டை அடிக்கோடு, "ஹோஸ்ட்", சிறுகோடு என்று தொடங்குங்கள். அப்படித் தொடங்கும் குக்கி டொமைன் இல்லாமலும், "செக்யூர்" குறியோடும், தளம் முழுமைக்குமான பாதையோடும் வந்தால் மட்டுமே பிரவுசர் ஏற்கும். மறந்துபோன பழைய துணைத்தளம் ஒன்றை யாராவது கைப்பற்றினாலும் அங்கிருந்து உங்கள் உள்நுழைவுக் குக்கியை மாற்றி எழுத முடியாது.

குக்கி தங்கியும் பயனில்லை என்றால் முகவரிப் பட்டையைப் பாருங்கள். "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ" உள்ள முகவரியில் உள்நுழைந்து, அது இல்லாத முகவரிக்கு அனுப்பப்படுகிறாரா? ஒன்றை நிலையாக்கி மற்றதை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

"பணம் கட்டித் திரும்பியதும் வெளியே தள்ளுகிறது"

புறக்கோட்டை ஆர்டர் தளங்களில் இதுதான் அதிகம் கேட்கும் குரல். கடைக்காரர் அட்டை விவரம் கொடுக்கிறார், வங்கி ஓடிபி அனுப்புகிறது, பணம் கழிகிறது, தளத்துக்குத் திரும்பியதும் உள்நுழையச் சொல்கிறது. பணம் போய்விட்டதோ என்று அவர் அஞ்சுவது நியாயம்.

2020 பெப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், "சேம்சைட்" (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் பண்பு) எதுவும் குறிப்பிடாத குக்கியைக் குரோம் "லாக்ஸ்" என்றே எடுத்துக்கொள்கிறது. லாக்ஸ் குக்கி, வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவம் அனுப்பும் முறை) வரும் கோரிக்கையோடு போகாது. அட்டைப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே பலவும் போஸ்ட் முறையில்தான் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் குரோம் ஒரு சலுகை கொடுத்தது: சேம்சைட் குறிப்பிடாத குக்கி பிறந்து இரண்டு நிமிடத்துக்குள் என்றால் போஸ்டோடும் போகும். நிரலாளர் உள்நுழைந்த கையோடு சோதனை அட்டையைக் கொடுத்து முடிக்கிறார். அவருக்கு எப்போதும் சரியாக வரும். கடைக்காரர் காலையில் உள்நுழைந்து, பொருள் தேர்ந்து, ஓடிபிக்குக் காத்திருந்து முடிக்கிறார். அவருக்கு ஒருபோதும் சரியாக வராது. "என் கணினியில் வேலை செய்கிறது" என்று நிரலாளரும் "இல்லை" என்று கடைக்காரரும் வாதிட்டால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து சோதியுங்கள்.

பலர் தேடிக் கண்டுபிடிக்கும் மருந்து, உள்நுழைவுக் குக்கியைச் "சேம்சைட் நன்" என்று மாற்றுவது. வேண்டாம். வேறொரு தளம் உங்கள் பயனரின் பெயரில் படிவம் அனுப்பும் தாக்குதலைத் தடுக்கும் காவல்களில் ஒன்றை அது திறந்துவிடுகிறது. குக்கியை லாக்ஸ் ஆகவே வையுங்கள். கேட்வே திரும்பும் முகவரியைச் செஷன் இல்லாமலும் ஏற்கும்படி எழுதுங்கள். அங்கே ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் கையொப்பத்தையும் சரிபார்த்துப் பதிந்துவிட்டு, 303 (வேறு முகவரிக்குப் போ) என்ற பதிலோடு "நன்றி" பக்கத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது நகர்வு, பக்கத்தைக் கேட்டு வாங்கும் கெட் முறையில் நடப்பதால் லாக்ஸ் குக்கி தானாகக் கூட வரும்.

"இருபது, முப்பது நிமிடத்தில் வெளியேற்றிவிடுகிறது"

குக்கிக்கு எட்டு மணி நேர ஆயுள் கொடுத்திருப்பீர்கள். பிஎச்பியில் சேர்வர் பக்கப் பதிவின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். மாற்றியும் தீரவில்லை என்றால் பகிர்வு ஹோஸ்டிங்கைச் சந்தேகியுங்கள். பல வாடிக்கையாளரின் செஷன் கோப்புகள் ஒரே தற்காலிகக் கோப்புறையில் கிடந்தால், வேறொருவரின் தளம் 24 நிமிடக் கணக்கில் குப்பை கூட்டும்போது உங்கள் கோப்புகளும் சேர்ந்து போகும்.

இதை வெறும் தொல்லையாக எண்ணிவிடாதீர்கள். அழிக்க முடிந்தவரால் படிக்கவும் எழுதவும் முடியலாம். செஷன் கோப்புகளுக்கு உங்கள் கணக்கு மட்டும் திறக்கக்கூடிய தனிக் கோப்புறை ஒதுக்குங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் அதற்கு இடம் தராவிட்டால் செஷன்களைத் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள்.

"பஸ்ஸில் போகும்போது மட்டும் வெளியேற்றுகிறது"

வீட்டு வைஃபையை விட்டுக் கைப்பேசி டேட்டாவுக்கு மாறியதும் ஐபி முகவரி மாறுகிறது. செஷனை ஐபியோடு கட்டிவைத்த நிரல் அவரைத் திருடன் என்று நினைக்கிறது. அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கைப்பேசி வலையமைப்புகளில் பலர் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்வதால் உண்மையான திருடனை அது தடுப்பதும் நிச்சயமில்லை.

"என் கணக்கில் வேறொரு பிள்ளையின் பெயர் தெரிகிறது"

இந்த அழைப்பு வந்தால் வேறு வேலை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பெறுபேறு வெளியாகும் நாளில், எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போதுதான் பெரும்பாலும் வரும். தளம் மெதுவாகிறது என்று யாராவது இடைச் சேவையில் "எல்லாப் பக்கத்தையும் கேஷ் செய்" என்று போட்டிருப்பார்கள். முதலில் நுழைந்த மாணவியின் பக்கம் சேமிக்கப்பட்டு அடுத்தவர்க்கெல்லாம் பரிமாறப்படுகிறது. அதோடு செட்-குக்கி வரியும் சேமிக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். அடுத்தவர் அந்த மாணவியாகவே உள்ளே போகிறார். 2015 கிறிஸ்மஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் சுமார் 34,000 பேரின் விவரங்கள் பிறர் கண்ணில் பட நேர்ந்ததற்கும் தவறான கேஷ் அமைப்பே காரணம்.

உடனே கேஷைக் காலி செய்து, உள்நுழைவுக்குப் பிந்திய பாதைகளை அதிலிருந்து விலக்குங்கள். செஷன்கள் அனைத்தையும் அழியுங்கள். பெறுபேறும் தொலைபேசி இலக்கமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் தனிப்பட்ட தரவுகள். ஆசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

யாரும் முறையிடாத கோளாறுகள்

எனக்கு மிகுந்த கவலை தருபவை இவை. பயனருக்கு எந்தத் தொல்லையும் இல்லாததால் அழைப்பே வராது. நீங்களாகத் தேடிப் போக வேண்டும். உங்கள் சொந்தச் சோதனைக் கணக்குகளில் மட்டும் செய்யுங்கள். பிறர் தளத்தில் அனுமதியின்றி நுழைந்து பார்ப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம்.

ஐந்தரை மணி நேரத் தவறு முதலாவது. செஷன் எப்போது முடியும் என்பதைக் கொழும்பு நேரத்தில் பதிந்து, சேர்வரின் யூடிசி (உலகப் பொது) நேரத்தோடு ஒப்பிடும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலை 10 மணிக்கு உள்நுழைந்தவருக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் 12 மணி என்று பதிவாகும். சேர்வர் கடிகாரம் 12 காட்டும்போது கொழும்பில் மாலை 5.30. இரண்டு மணி நேரச் செஷன் ஏழரை மணி நேரம் வாழ்கிறது. இதே தவறு எதிர்த்திசையில் நடந்தால் உள்நுழைந்த உடனே வெளியேற்றும். எல்லோரும் கூப்பாடு போடுவார்கள், அன்றே திருத்தப்படும். நீளும் திசையில் நடந்தால் யாருக்கும் தெரியாது. எல்லா நேரத்தையும் யூடிசியில் பதிந்து, திரையில் காட்டும்போது மட்டும் "ஏசியா/கொழும்பு" வலயத்துக்கு மாற்றுங்கள். ஐந்தரையை நிரலில் கையால் எழுதவும் வேண்டாம். இலங்கை 1996இல் ஆறரைக்கும் பின்னர் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது.

இரண்டாவது, உள்நுழையும் முன்னும் பின்னும் செஷன் இலக்கம் ஒன்றாகவே இருப்பது. கொமியூனிகேஷன் கடைக் கணினியில் ஒருவர் உங்கள் தளத்தைத் திறந்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு எழுந்து போகலாம். அடுத்து வரும் மாணவர் உள்நுழைந்ததும் குறித்துக்கொண்ட இலக்கத்துக்கு உயிர் வந்துவிடும். உள்நுழைந்த கணத்தில் புதிய இலக்கம் வழங்கி, பழையதை அழிக்க வேண்டும். பிஎச்பியில் அதற்கென "செஷன் ரீஜெனரேட் ஐடி" இருக்கிறது. சேர்வர் தான் வழங்காத இலக்கங்களை மறுக்க "யூஸ் ஸ்ட்ரிக்ட் மோட்" அமைப்பையும் இயக்குங்கள்.

மூன்றாவது, எஃப்12இல் "கன்சோல்" பகுதிக்குப் போய் "டொக்யுமென்ட் டொட் குக்கி" என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். உள்நுழைவுக் குக்கி அங்கே தெரிந்தால் அதற்கு "எச்டிடிபி-ஒன்லி" குறி இல்லை. பக்கத்தில் யாராவது ஒரு வரி ஸ்கிரிப்டைப் புகுத்திவிட்டால் அதை வெளியே அனுப்பிவிடலாம். குறியைச் சேருங்கள். புகுந்த ஸ்கிரிப்ட் பயனரின் பிரவுசருக்குள்ளேயே இருந்து தீங்கு செய்வதை இக்குறி தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பயனர் எழுதும் எதையும் வடிகட்டாமல் திரையில் காட்டக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது.

நான்காவது, கையொப்பக் குக்கியில் இரகசியம் வைத்திருப்பது. கையொப்பம் மாற்றுவதைத் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. முதல் புள்ளிவரை உள்ள பகுதியையும் நடுப் பகுதியையும் எழுத்துமாற்றத்தை அவிழ்க்கும் எந்த பேஸ்64 கருவியில் போட்டாலும் விரிந்துவிடும். அங்கே தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கக் கண்டால் இன்றே அகற்றுங்கள்.

"யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள்"

பயனரின் கணினியில் புகுந்த தீநிரல் பிரவுசரின் குக்கிச் சேமிப்பையே அள்ளிக்கொண்டு போகும். அங்கே எச்டிடிபி-ஒன்லி பயன்படாது, கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்கப்படுவதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் அலைவரிசை பறிபோனது இந்த வழியில்தான். உங்களிடம் மிஞ்சும் ஆயுதம் சேர்வரில் உள்ள பதிவு. அதைப் பயன்படுத்தும் வரிசை முக்கியம்.

முதலில் செஷன் அட்டவணையையும் சேர்வர் பதிவேடுகளையும் வேறிடத்தில் பிரதியெடுங்கள்; அழித்த பிறகு என்ன நடந்தது என்று தேட முடியாது. அடுத்து எல்லாச் செஷன்களையும் காலி செய்யுங்கள். கையொப்பக் குக்கி முறை என்றால் கையொப்பத் திறவுகோலையே மாற்ற வேண்டும். நல்லவர் கெட்டவர் எல்லோரும் ஒன்றாக வெளியேறுவார்கள், வேறு வழியில்லை. கடவுச்சொற்களை மாற்றச் சொல்வது அதற்குப் பிறகு. செஷன்களை அழிக்காமல் முதலில் கடவுச்சொல்லை மாற்றினால், உள்ளே இருப்பவர் மின்னஞ்சல் முகவரியைத் தன்னுடையதாக மாற்றி, மாற்றிய கடவுச்சொல்லையும் மீட்டெடுத்துக்கொள்வார். நிர்வாகிக் கணக்குகளில் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பாதிக்கப்பட்ட கணினியைச் சுத்தம் செய்யும் வரை அதிலிருந்து யாரும் உள்நுழைய வேண்டாம் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இல்லையேல் புதிய குக்கியும் அன்றே போய்விடும்.